ஜெஸ்ஸி வண்டியின் பின் சீட்டு

திண்டுக்கல்,
ஞாயிற்றுக்கிழமை.

மஸ்கட்டில் இருக்கும் என் தங்கச்சி செசிலிக்கும் மச்சானுக்கும் ஆண்டவர் ஒரு குறையும் வைக்காதிருக்க, அண்ணன் ஆனந்த்ராஜ் எழுதுவது.

நான் அன்னைக்கே சொன்னேனா இல்லையா? உன் மகள் ஜெஸ்ஸிக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்னைக்கு சாமியார் தலையில தண்ணி ஊத்துறார், பிள்ளை அழுகலை. என் சட்டைப் பையில கையை விட்டுச் சாவியைப் பிடுங்கிருச்சு. இது ஒருநாள் சொந்தமா வண்டியே செய்யும்னு கோயில் வாசல்லயே சொன்னேன். எல்லாரும் சிரிச்சீங்க. இப்ப வந்து என் வீட்டு முன்வாசல்ல நிக்கிற வண்டியைப் பாரு. அது சைக்கிள் சாவிதானேன்னு நீ சொல்லுவ. சாவி சாவிதான்.

போன்லயே சொல்லலாம். ஆனா நீ பாதியில சிரிச்சுருவ, என் வீட்டுல தங்கியிருக்கிற ஜெஸ்ஸி பக்கத்துல நின்னுக்கிட்டு, கதை விடாதீங்க மாமான்னு போனைப் பிடுங்கிருவா. தாள்ல எழுதுனா யாரும் குறுக்க பேச முடியாது. பக்கத்து வீட்டு ரிஃபாத் லீவு முடிஞ்சு அங்கே வாரான். அவன் கையில இந்தக் கடிதமும் உன் மதினி இடிச்ச மல்லிப்பொடியும் வருது. இங்கே எல்லாருக்கும் சுகம். என் வலது கால்ல மட்டும் ஒரு கட்டு இருக்கு. சந்தைக்கு வந்த காளை ஒண்ணு மிரண்டு ஓடிவந்துச்சு, நான் குறுக்க பாய்ஞ்சு ஒரு பிள்ளையைக் காப்பாத்துனேன். பெருசா ஒண்ணுமில்லை.

வண்டியைப் பத்திச் சொல்றேன். மில்லுல வேலை முடிஞ்சு வந்தா ஜெஸ்ஸிக்கு அதுதான் உலகம். அதுக்கு இன்ஜின் எடுத்த பழைய மோட்டார் சைக்கிள் தொப்பம்பட்டியில ஒரு தென்னந்தோப்புக்காரர் மாட்டுக்கொட்டகையில கிடந்துச்சு. கொடைக்கானல் வெள்ளைக்கார துரை ஏறுன வண்டி அது, பார்த்ததும் எனக்குத் தெரிஞ்சுபோச்சு. சீட்டு மேல ஒரு கோழி அடைகாத்துக்கிட்டு இருந்துச்சு. ஏனுங்க, கோழி எந்திரிக்கட்டுங்க, அப்புறம் பார்க்கலாமுங்கன்னு அவர் சொல்றார். நான் பேசுன பேச்சுல கோழியைத் தூக்கி வேற கூடையில வச்சுட்டு வண்டியைக் கொடுத்தார். பேப்பர் எல்லாம் சரியா இருக்கு, மச்சானைப் பயப்படாம இருக்கச் சொல்லு.

உன் கல்யாண பீரோ துருப்பிடிச்சுப் பின்கட்டுல கிடந்துச்சே, அதோட கதவுதான் இப்ப பெட்ரோல் டேங்க். கதவை எடுத்துக்கங்கன்னு சொன்னவன் நான். வெட்டித் தட்டுனது மட்டும்தான் உன் கொழுந்தன் ஜெரோம். இரும்புப்பெட்டிப் பட்டறையில வேலை பார்க்கிறவன் தகரம் தட்டுறது ஒரு அதிசயமா? பச்சைப் பெயிண்ட், அதுல தங்கக் கோடு, பெரிய வட்ட லைட்டு, தாத்தா காலத்துச் சைக்கிள் மாதிரி வளைஞ்ச ஹேண்டில்பார். தெருவுல போறவன் நின்னு பார்த்துட்டுத்தான் போறான்.

ஆனா செசிலி, ஒண்ணு கேட்டுக்கோ. வாசல் என்னுது, கரண்டு என்னுது, வடிக்கிற டீ என் வீட்டு டீ. தெருவுல கேட்கிறது என்ன தெரியுமா? ஜெரோம் பட்டறை எப்ப முடியும்னு என்கிட்டயே கேட்கிறாங்க! அவன் சாயங்காலம் விசிலடிச்சுக்கிட்டு வருவான். மச்சான், அந்தப் பதினாலாம் நம்பர் ஸ்பேனரை எடுங்கன்னு என்னை ஏவுவான். நான் பன்னிரண்டை எடுத்துக் கொடுத்தா ஜெஸ்ஸியும் அவனும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரிக்கிறாங்க. சின்னதுல ரேடியோ எப்படிப் பாடுதுன்னு என்கிட்டதானே கேட்பா? நானும் உள்ளே குட்டி மனுசங்க இருக்காங்கன்னு விவரமாச் சொல்லுவேன். இப்ப எல்லாத்துக்கும் சித்தப்பா, சித்தப்பா. கோழிக் குழம்பு வச்சா ஈரல் துண்டு இத்தனை வருசமா என் தட்டுக்கு வந்துச்சு. இப்ப அது ஜெரோம் தட்டுக்குப் போகுது. வேலை பார்க்கிற பிள்ளை சாப்பிடட்டும்கிறா உன் மதினி. அவனுக்கு நாப்பத்தெட்டு வயசு.

அதைக்கூடப் பொறுத்துக்குவேன். ஜெரோம் இல்லைன்னா என் பிள்ளை இதை முடிச்சிருக்காதுன்னு நீ அவனுக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டியாம். அதை என் முன்னாடி ரெண்டு தடவை போட்டுக் காட்டுனான். உன் குரல் அம்புட்டுப் பிரியமா இருந்துச்சு. நான் எந்திரிச்சுப்போய்ச் செடிக்குத் தண்ணி ஊத்துனேன். மழை பெய்ஞ்சுக்கிட்டு இருந்துச்சு.

வண்டிக்குப் பின்னால ஒரு குட்டி சீட்டு வச்சிருக்காங்க, ஸ்பிரிங் மேல இட்லித் தட்டைக் கவுத்து வச்ச மாதிரி. இதுல எவன் உட்காருவான்னு கேட்டேன். உங்களுக்குத்தான் மாமான்னா ஜெஸ்ஸி. ஜெரோம் கெக்கெக்கேன்னு சிரிக்கிறான். காது குத்துனப்ப மடியில உட்கார வச்ச தாய்மாமனுக்குப் பின் சீட்டு!

முந்தாநாள் வண்டி முடிஞ்சுச்சு. யார் உதைச்சுக் கிளப்புறாங்களோ அவங்களுக்குத்தான் முதல் சவாரின்னு ஜெஸ்ஸி சொல்லிட்டா. தெருவே கூடிருச்சு. தாய்மாமன் இருக்கப்ப வேற எவன் கால் வைக்கிறதுன்னு வேட்டியை மடிச்சுக் கட்டுனேன். ஒரே உதை. மலைக்கோட்டை வரைக்கும் சத்தம் எதிரொலிச்சுச்சு. ஜெரோம் வாயைப் பொளந்துக்கிட்டு நின்னான். அகரம் வரைக்கும் முதல் சவாரி நான்தான். வழியெல்லாம் பூப்பறிக்கிற பொம்பளைங்க நிமிர்ந்து பார்த்தாங்க.

ஆகையினால தங்கச்சி, அவனுக்குப் போட்ட மாதிரி எனக்கும் ஒரு வாய்ஸ் மெசேஜ் போடு. நீளமா வேண்டாம். அண்ணே, என் பிள்ளையை நல்லாப் பார்த்துக்கிட்டன்னு ஒரு வார்த்தை போதும். அவன் இருக்கப்ப போட்டுக் காட்டணும்.

இதோட முடிச்சு ஒட்டத்தான் பசையை எடுத்தேன். அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு, ரிஃபாத் அன்னைக்கு வாசல்லயே நின்னான். நீ ஒரு கேள்வி கேட்டா எல்லாத்தையும் கொட்டிருவான். அதுக்கு முன்னாடி நானே சொல்லிடுறேன்.

காளை எதுவும் வரலை. லிவரை அழுத்தி, பிஸ்டனை மேலே கொண்டுவந்துட்டு உதைங்க மச்சான்னு ஜெரோம் சொன்னான். எனக்கே சொல்லித் தாரியாலேன்னு லிவரைத் தொடாமலே ஓங்கி உதைச்சேன். கிக்கர் திருப்பி அடிச்சதுல கணுக்கால் பூசணிக்காயா வீங்கிருச்சு. ஜெஸ்ஸி அழுதுட்டா. ஆட்டோ ஒண்ணும் கிடைக்கலை. ஜெரோம்தான் வண்டியைக் கிளப்பினான், என்னைத் தூக்கிப் பின்னால உட்கார வச்சான். அகரத்துல கட்டுப் போடுறவர் வீடு வரைக்கும் ஒரு பள்ளத்துல விடலை. வழியில, என்னை நல்லாக் கட்டிப் பிடிச்சுக்கங்க மச்சான், இந்தச் சீட்டை உங்க சைஸுக்குத்தான் அடிக்கணும்னு ஜெஸ்ஸி ஒத்தைக்கால்ல நின்னுச்சுன்னு சொன்னான்.

ஆக, முதல் சவாரியில நான் இருந்தது நெசம். ஓட்டுனது அவன்.

சீட்டு எனக்குக் கச்சிதமா இருந்துச்சு செசிலி. அதை மட்டும் ஜெரோம்கிட்ட சொல்லிராதே. மாதா உங்களைக் காப்பாத்தட்டும்.

உன் அண்ணன்,
ஆனந்த்ராஜ்