பை போட்டு வைத்த இடம்

6 அக்டோபர், திங்கள்
கம்பெனியில் ஒரே ஒரு பர்மனெண்ட் வேலை போடுகிறார்களாம். லைன் லீடர். இங்கிலீஷ் டெஸ்ட் உண்டு. காண்ட்ராக்டில் இருக்கும் நானும் தேவயானியும் பெயர் கொடுத்துவிட்டோம். கம்பெனி பஸ்ஸிலேயே சேர்ந்து படிக்கலாம் என்றாள். உத்திரமேரூரில் ஏறியதும் பக்கத்து சீட்டில் அவளுக்காகப் பையைப் போட்டு வைப்பேன். திருமுக்கூடலில் அவள் ஏறுவாள்.

9 அக்டோபர்
‘இஃப்’ வாக்கியம் மூன்று வகை. முதல் இரண்டும் பரவாயில்லை. மூன்றாவது — ஹேட், வுட் ஹேவ் — தலை சுற்றுகிறது.

10 அக்டோபர்
களையெடுத்துவிட்டு வந்த அம்மா புலம்பினாள்: “போன வாரம் மழ பேஞ்சிருந்தா ஏரி ரொம்பியிருக்கும்.” பேயவில்லை, ரொம்பவில்லை, இனி ஒன்றும் செய்ய முடியாது. அட, மூன்றாவது வகை இதுதானே? எங்கள் வீட்டில் தினமும் பேசுவது.

13 அக்டோபர்
அதையே தேவயானிக்குச் சொன்னேன். புரிந்ததும் என் தொடையில் ஓங்கி அடித்தாள்.

17 அக்டோபர்
டெஸ்ட் முடிந்தது.

24 அக்டோபர்
நோட்டீஸ் போர்டில் தேவயானி பெயர். “நீ சொல்லிக் குடுத்ததாலதான் எழுதுனேன்” என்று கையைப் பிடித்துக்கொண்டாள். நல்லா இரு என்றேன். மனசாரத்தான் சொன்னேனா?

27 அக்டோபர், திங்கள்
பை போடவில்லை. பக்கத்தில் வேறொரு பெண் உட்கார்ந்துவிட்டாள். தேவயானி ஏறினாள், பார்த்தாள், கம்பியைப் பிடித்துக்கொண்டு கம்பெனி வரை நின்றாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

28 அக்டோபர்
நான் சொல்லித் தராம இருந்திருந்தா எனக்குக் கெடச்சிருக்குமா? சீ, இன்னா புத்தி இது. அவ புருஷன் இல்லாம ரெண்டு புள்ளைங்கள வச்சிக்கினு கீறா. தெரிஞ்சும் வயிறு எரியுது. எனக்கும்தானே அந்த வேலை வேணும்?

31 அக்டோபர்
பர்மனெண்ட் ஆட்களுக்குத் தனி ஏசி பஸ். திங்கட்கிழமை முதல் தேவயானி அதில்தான் வருவாளாம்.

3 நவம்பர், திங்கள்
கைப் பழக்கமோ என்னவோ, பையைப் போட்டுவிட்டேன். இடம் கேட்ட பெண்ணிடம் ஆள் வருகிறது என்றும் சொல்லிவிட்டேன். திருமுக்கூடலில் எங்களுக்கு முன்னால் ஏசி பஸ் நின்றிருந்தது. தேவயானி அதில் ஏறவில்லை. எங்கள் பஸ்ஸில் ஏறி, சீட்டுக்குப் பக்கத்தில் வந்து, பையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். உட்கார்ந்தாள். வாலாஜாபாத் தாண்டியது. அப்புறம் சொன்னாள்:

“அடுத்த வேலைக்கு மறுபடியும் டெஸ்ட் வெப்பாங்களாம். நோட்ட எடு, சோபியா.”