படம் எடுத்தவர்: தவமணி

என்றும் என் பக்கம் நின்ற தவமணி அண்ணிக்கு,

உங்கள் மகனோடு நான் சண்டை போட்டுவிட்டேன். வேறு யாராவது சொல்லி நீங்கள் தெரிந்துகொள்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். முரளி நல்ல பிள்ளைதான், அதில் குறை இல்லை. ஆனால் நீங்கள் எடுத்த படங்களுக்குக் கீழே அவன் அப்பா பெயரைப் போடச் சொல்லிவிட்டான். நான் விடவில்லை.

அண்ணன் இறந்து இரண்டு வருசமாகிறது. ஈப்போவில் ஸ்டூடியோ இருந்த கடைவீட்டில் இப்போது கைப்பேசி விற்கிறார்கள். அங்கிருந்து வந்த நெகட்டிவ் எல்லாம் பிஸ்கட் டின்களில் அண்ணன் கட்டிலுக்கு அடியில் கிடந்தன. முரளி கோலாலம்பூரில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறான், இடமில்லை. "அத்தே, நீங்க வச்சுக்கிறீங்களா? இல்லாட்டி வீசிரலாம்" என்றான். நான் எடுத்துக்கொண்டேன்.

நான் முப்பது வருசம் அலுவலகத்தில் தட்டச்சு செய்தவள், இயந்திரம் எனக்குப் பயமில்லை. ஒரு ஸ்கேனர் வாங்கினேன். நெகட்டிவைக் கண்ணாடி மேல் வைத்தால் படம் கணினித் திரையில் வருகிறது. முதலில் எது வந்தது தெரியுமா அண்ணி? கோப்பெங் பக்கத்து ரப்பர்த் தோட்டம். காலையில் ஆள் கூப்பிடும் பெரட்டுக் களத்தில், வெள்ளைத் துணிக்கு முன்னால், கண்ணை இடுக்கிக்கொண்டு ஒரு பால்வெட்டுக்காரம்மா.

அந்தக் காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எழுபதுகளின் தொடக்கம். ஐசி என்கிற அடையாள அட்டை இல்லாதவர்களுக்கு வேலை போய்விடும் என்று தோட்டமே கலங்கிக் கிடந்தது. ஐசிக்குப் படம் எடுக்க அண்ணன், நீங்கள், நான் மூன்று பேரும் போனோம். காது தெரிய வேண்டும், தலைத்துணியை எடுங்கள் என்று அண்ணன் சொன்னார். பெண்கள் அசையவில்லை. அந்நிய ஆண் முன்னால், அத்தனை பேர் பார்க்க, யார் எடுப்பார்கள்? அண்ணன் கெஞ்சிப் பார்த்தார், அதட்டிப் பார்த்தார். நீங்கள்தான் போய் அவர் கழுத்திலிருந்து கேமராவைக் கழற்றினீர்கள்.

"நீங்க போயி துணியப் பிடிங்க. நான் எடுக்கிறேன்" என்றீர்கள்.

துணியின் ஒரு முனையை அண்ணன் பிடித்தார், மறுமுனையை நான். இடுப்பருகே வைத்துக் குனிந்து பார்க்கிற அந்த இரட்டைக் கண் கேமராவோடு நீங்கள் நின்றீர்கள். "அக்கா, தாடைய கொஞ்சம் தூக்குங்க லா. நாளைக்கு ஆபீசுல உங்களத்தான் அவங்க நிமிந்து பாக்கணும்." அந்த அம்மா சிரித்துவிட்டார். தலைத்துணி தானாக இறங்கியது.

அன்றைக்குப் பிடித்த கேமராவை நீங்கள் திருப்பிக் கொடுக்கவில்லை. கல்யாணங்களுக்கு அண்ணன் போனார், தோட்டங்களுக்கு நீங்கள் போனீர்கள். பஸ் பிடித்துப் போனீர்கள். கல்யாணம் இல்லாத நாளில் துணி பிடிக்க அண்ணனும் வந்தார். முரளி பிறந்த பிறகு அவனையும் இடுப்பில் வைத்துக்கொண்டு போனீர்கள். படம் கழுவிப் பிரதி போடுவது அண்ணன் வேலை. படத்தின் முதுகில் முத்திரை குத்துவதும் அவர் வேலை. "படம்: கோவிந்தசாமி, ஈப்போ." கல்யாணப் படத்திலும் அதுதான், உங்கள் தோட்டப் படத்திலும் அதுதான்.

எண்பதுகளில் அந்தத் தோட்டத்தை வீடு கட்ட விற்றார்கள். தொழிலாளர்கள் குடியிருந்த லயத்தை இடிக்கப் போகிறார்கள் என்று கேட்டதும் நீங்கள் கிளம்பினீர்கள், நானும் வந்தேன். பெண்கள் அண்டா குண்டாவோடு வாசலில் நின்றார்கள். கம்பெனி ஆள் ஒருவன் மோட்டார் சைக்கிளில் வந்து கையை நீட்டினான்.

"பிலிம கொடுங்க. தோட்டத்துல எடுத்த படம் தோட்டத்துக்குத்தான் சொந்தம்."

"பிலிம் என்னோடது. மூஞ்சி அவங்களோடது. இதுல தோட்டத்துக்கு என்னா சொந்தம் இருக்கு?" என்றீர்கள். கேமராவை மூடக்கூட இல்லை. அவன் முகத்தையும் ஒரு படம் எடுத்தீர்கள். அந்த நெகட்டிவும் என்னிடம் இருக்கிறது அண்ணி. வாயைத் திறந்தபடி நிற்கிறான்.

லயத்துப் பெண்களின் படம் பத்திரிகையில் வந்தது. கீழே அண்ணன் பெயர். அவர் அதைச் சட்டம் போட்டுக் கடைச் சுவரில் மாட்டினார். அன்றைக்கு மதியம் சாப்பிடும்போது நீங்கள் கேட்டது எனக்கு அப்படியே காதில் இருக்கிறது.

"கோயில்ல ஒரு அர்ச்சனைக்கே பேரு, நட்சத்திரம் கேக்கிறாங்க. இந்தப் படத்துக்கு மட்டும் யாரும் என் பேரக் கேக்க மாட்டாங்களா?"

"ஸ்டூடியோ பேருக்குத்தான போடுறோம். நீ வேற நான் வேறயா?" என்றார் அண்ணன். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அது எனக்குத் தெரியும். ஆனால் நீங்கள் வேறு, அவர் வேறுதானே? அவருக்கு ஏன் அது புரியவே இல்லை?

அதற்குப் பிறகு உங்கள் படங்களில் நீங்கள் முத்திரை குத்த விடவில்லை. வெறும் முதுகோடு கொடுத்தீர்கள். அவர் பெயரும் இல்லை, உங்கள் பெயரும் இல்லை. சில வருசத்தில் காய்ச்சல் என்று பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன நீங்கள் திரும்பி வரவில்லை. முரளி அப்போதுதான் பள்ளியில் சேர்ந்திருந்தான். அம்மா கையில் கேமரா இருந்தது அவனுக்கு நினைவில்லை. கடைச் சுவரில் அப்பா பெயர் இருந்தது மட்டும்தான் நினைவு.

இப்போதைய கதைக்கு வருகிறேன்.

கணினியில் ஒரு படத்தைச் சேமித்தால் அதற்குள்ளேயே சில கட்டங்கள் இருக்கின்றன. வெளிப் பார்வைக்குத் தெரியாது. எடுத்தவர் யார், காப்புரிமை யாருக்கு, எந்த ஊர் என்று அதில் எழுதி வைக்கலாம். படத்தின் முதுகு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். டின்களைப் பிரித்துக் கல்யாணப் படங்களில் அண்ணன் பெயரை எழுதினேன். அவை அவர் எடுத்தவை, அதில் எனக்கு வழக்கில்லை. தோட்டப் படங்களில் எடுத்தவர் என்ற கட்டத்தில் 'தவமணி' என்று எழுதி உங்கள் அப்பா பெயரையும் சேர்த்தேன். காப்புரிமை என்ற கட்டத்தில் முரளி பெயர். உங்கள் வழியாக வந்தாலும் அண்ணன் வழியாக வந்தாலும் உரிமை அவனுக்குத்தானே.

ஈப்போவில் சில இளைஞர்கள் தோட்ட வாழ்க்கையைப் பற்றி ஒரு கண்காட்சி வைக்கப் போவதாகச் சொல்லி என்னிடம் படம் கேட்டார்கள். பெரிய கோப்புகளாக வேண்டாம், எல்லாவற்றையும் சின்ன ஜேபெக் கோப்புகளாக மாற்றி அனுப்புங்கள் என்றார்கள். ஒவ்வொன்றாக மாற்ற முடியாது. மொத்தமாகக் கொடுத்தால் தானே மாற்றித் தருகிற மென்பொருள் ஒன்று இருக்கிறது. அதில் போட்டேன், தேநீர் கலக்கி வருவதற்குள் முடிந்திருந்தது. அனுப்பிவிட்டேன்.

கண்காட்சிக்கு ஒரு வாரம் இருக்கும்போது அவர்கள் இணையத்தில் அறிவிப்புப் போட்டார்கள். லயத்துப் பெண்கள் படம்தான் முகப்பு. கீழே, 'படம்: கோவிந்தசாமி'.

பழைய முத்திரை திரும்பி வந்துவிட்டது அண்ணி.

ஏற்பாடு செய்கிற கவிதா என்ற பெண்ணைக் கூப்பிட்டேன். "ஆன்ட்டி, நீங்க அனுப்பின ஃபைல்ல பேரே இல்ல. அதான் முரளி சாருக்கு ஃபோன் போட்டு கேட்டோம். அவரு அப்பா எடுத்ததுன்னு சொன்னாரு" என்றாள்.

பேர் இல்லையா? நான் எழுதியதை எழுதவில்லை என்கிறாளே என்று கணினியைத் திறந்து பார்த்தேன். மூலக் கோப்பில் நீங்கள் இருந்தீர்கள். மாற்றிய கோப்பில் எல்லாக் கட்டமும் காலி. மென்பொருளின் அமைப்புகளுக்குள் போய்த் தேடினால், 'அளவைக் குறைக்க விவரங்களை நீக்கு' என்று ஒரு வரி. யாரும் தொடாமலே அதில் டிக் இருந்தது. அளவு குறைய வேண்டுமாம், அதற்கு உங்கள் பெயர்தான் கிடைத்ததாம். அந்தப் பெயர் எவ்வளவு பெரிய பாரம் என்று எனக்கு விளங்கவில்லை.

டிக்கை எடுத்தேன். இனி அது தானாக வராதபடி அமைப்பைச் சேமித்தேன். எல்லாவற்றையும் மறுபடி மாற்றி, சிலவற்றைத் திறந்து பார்த்து, நீங்கள் இருக்கிறீர்கள் என்று உறுதி செய்துகொண்டு கவிதாவுக்கு அனுப்பினேன். வாட்சப்பில் போனால் அங்கேயும் விவரம் உதிர்ந்துவிடுகிறது என்று தெரிந்தது. அதனால் ஒவ்வொரு படத்துக்கும் கீழே வெள்ளைப் பட்டை வைத்து, கண்ணால் படிக்கிற மாதிரியும் உங்கள் பெயரைப் போட்டுவிட்டேன்.

"ஆன்ட்டி, லேபல் எல்லாம் பிரிண்ட் ஆயிருச்சு. அதோட காப்பிரைட் முரளி சாருக்குத்தான? அவரு சொன்னாத்தான் மாத்த முடியும்" என்றாள் கவிதா. அவள் மேல் தப்பில்லை.

முரளியைக் கூப்பிட்டேன். எடுத்த எடுப்பில் சத்தம் போட்டான். "ரைட்ஸ் என்கிட்ட இருக்கு அத்தே. யாரு பேரு போடணும்னு நான் சொல்றேன்."

"உரிமை உன்னோடது, யாரு இல்லன்னா? எடுத்தது உங்க அம்மா. அது வேற கட்டம், இது வேற கட்டம்."

"சும்மா பேசாதீங்க. அம்மா எங்க படம் எடுத்துச்சு? அப்பாவுக்கு உதவிக்குப் போயிருக்கும்."

உதவிக்கு என்றான் அண்ணி. உங்கள் வயிற்றில் பிறந்தவன். "ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வா. வரலன்னா ஒரு படமும் அந்த மண்டபத்துல தொங்காது. நானே போயி கழட்டுவேன்" என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

வந்தான். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். காப்பி கொடுத்தேன், குடிக்கவில்லை. நான் ஐசி படம் ஒன்றைத் திறந்தேன். எப்போதோ கடையில் பார்த்திருப்பான் போல, "இதான் தெரியுமே" என்றான். அவனுக்குத் தெரிந்தது வெட்டிச் சின்னதாக்கிய பிரதி, முகம் மட்டும். நான் முழு நெகட்டிவையும் காட்டினேன்.

நடுவில் பால்வெட்டுக்காரம்மா. இடது ஓரத்தில் துணியைப் பிடித்துக்கொண்டு நான், இரட்டைப் பின்னலோடு. வலது ஓரத்தில் துணியைப் பிடித்துக்கொண்டு அண்ணன்.

"உங்க அப்பா துணி பிடிச்சிட்டு நிக்கிறாரு. நான் இந்தப் பக்கம் நிக்கிறேன். அப்ப கேமராவ யாரு பிடிச்சது?"

அடுத்ததைத் திறந்தேன். வேறு தோட்டம், வேறு வருசம், அதே துணி, அதே அண்ணன். அதற்கடுத்ததும். ஒன்றில் அண்ணன் கொட்டாவி விடுகிறார். முரளிக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டான். பிறகு மெதுவாகக் கேட்டான். "இத எடுத்துட்டா அப்பாவுக்கு என்னா இருக்கு அத்தே?"

அந்தக் கேள்விக்கு நான் கோபப்படவில்லை. அவர் எனக்கும் அண்ணன்தானே. "கல்யாணப் படம் எல்லாம் அவரோடது. இதுலயும் கழுவிப் பிரதி போட்டவருன்னு அவரு பேர எழுதுறேன். அது உண்மை. உண்மையா இருக்கிறத எவ்வளவு வேணும்னாலும் எழுதலாம். உங்க அம்மாவோடத எடுத்து அவருக்குக் கொடுக்க மாட்டேன்."

இன்னொரு படத்தைத் திறந்தேன். அதில் அண்ணனின் காலடியில் ஒரு குழந்தை உட்கார்ந்து, வாய் நிறைய மண். முரளி திரைக்குப் பக்கத்தில் குனிந்தான்.

"இது நானா?"

"வேற யாரு?"

"மண்ணு திங்கிறேன். அம்மா என்னயப் பாக்கவே இல்லியா?"

"பாத்துட்டுத்தான இருந்திருக்காங்க. அதான் நீ படத்துல இருக்க."

அவன் எழுந்து பின்கட்டுக்குப் போனான். திரும்பி வரும்போது முகம் கழுவியிருந்தான். ஆறிப்போன காப்பியைக் குடித்தான். பிறகு கவிதாவைக் கூப்பிட்டு, என் முன்னாலேயே சொன்னான். "லேபல மாத்துங்க. எங்க அம்மா பேரு தவமணி. செலவு ஆனா நான் பாத்துக்கிறேன்."

கண்காட்சி நடந்தது. உங்கள் பெயர் தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. அண்ணன் பெயர் அதற்குக் கீழே, சின்ன எழுத்தில், அவர் செய்த வேலையோடு. சொந்தக்காரர்கள் இரண்டு பேர் என்னிடம் வந்து, செத்துப்போன அண்ணனுக்கு இப்படிச் செய்யலாமா என்றார்கள். செத்துப்போன அண்ணிக்கு இத்தனை வருசம் செய்ததை யாரும் கேட்கவில்லையே என்றேன். போய்விட்டார்கள். முரளியோடு இன்னும் முழுதாகச் சரியாகவில்லை. வீட்டுக்கு வருகிறான், பழைய மாதிரி விளையாட்டாகப் பேசுவதில்லை. போகப் போகப் பேசுவான்.

போன வாரம் ஒருவர் நாட்காட்டிக்கு லயத்துப் பெண்கள் படம் கேட்டார். பெயர் போட இடமில்லை, 'பழைய தோட்டப் படம்' என்று போட்டுக்கொள்கிறோம் என்றார். பழைய படத்தை எடுத்தவளுக்குப் பெயர் இல்லாமல் போய்விடுமா என்று கேட்டு, படம் கொடுக்காமல் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

இன்னும் டின்கள் இருக்கின்றன அண்ணி. கண் தெரிகிற வரை நான் செய்வேன், அதற்குப் பிறகு செய்ய எந்த டிக்கை எடுக்க வேண்டும் என்று முரளிக்குக் காட்டிவிட்டேன். என் கையை விட்டுப் போகிற ஒரு படமும் வெறும் முதுகோடு போகாது. யார் கேட்டாலும் கொடுப்பேன், உங்கள் பெயரோடு. பெயர் வேண்டாம் என்பவருக்குப் படமும் இல்லை.

உங்கள் கணவருக்குத் தங்கை, இந்த வழக்கில் உங்கள் கட்சி,
நாத்தனார் சரோஜா
ஈப்போ