கருப்பில்லாத ஜன்னல்

அக்டோபர் 22, புதன்

காலையிலிருந்து தூறல். உதிர்ந்த இலைகளை வாரிக் கட்டி வாசலில் வைத்த பைகள் எல்லாம் ஈரம். தீபாவளி முறுக்கு இன்னும் அரை டப்பா. டயட் சனிக்கிழமையிலிருந்து.

மாலை சுதா வந்தாள், கொழுந்தன் மனைவி. அவர் வாரம் முழுக்க டெக்சாஸில் பிராஜெக்ட் என்று போய்விடுகிறார். இரண்டு தெரு தள்ளி இவள் தனியாக. ஷூவைக்கூடக் கழற்றவில்லை.

"அக்கா, ஜன்னல் குடுத்துட்டாங்க்கா!"

எந்த ஜன்னல்? உட்கார வைத்து, காபி கொடுத்து, விஷயத்தை வாங்கினேன். மெயின் ஸ்ட்ரீட்டில் பழைய உடைகள் வாங்கி விற்கும் கடை. முதலாளி கேரல் என்று ஒரு அம்மாள். அங்கே இவள் வேலை கேட்டுப் போயிருக்கிறாள். அந்த அம்மாள் வைத்திருக்கும் பரீட்சை: ஹாலோவீன் (31-ஆம் தேதி, இந்த ஊரே பேய் வேஷம் கட்டும் நாள்) வரை கடையின் முன்ஜன்னல் சுதாவுக்கு. இரண்டு பொம்மைகள். கடையிலிருக்கும் சாதாரணத் துணிமணிகளைக் கொண்டே அவற்றுக்கு வேஷம் கட்ட வேண்டும். வெட்டக் கூடாது, தைக்கக் கூடாது, ஒட்டக் கூடாது. துணியைப் பிறகு விற்றாக வேண்டும். ஜன்னலைப் பார்த்து ஆட்கள் உள்ளே வந்தால் வேலை.

எம்.காம். படித்தவள். இத்தனை வருடம் டிபெண்டென்ட் விசாவில் வீட்டோடு. ஒர்க் பர்மிட் வந்த பிறகு அனுப்பிய ரெஸ்யூமே எல்லாம் நான் திருத்திக் கொடுத்ததுதான். ஒருவரும் கூப்பிடவில்லை.

"இதும் இல்லைன்னா இனி யாருகிட்டயும் போய்க் கேக்க மாட்டனுங்க்கா. போதும்."

சிரித்துக்கொண்டே சொன்னாள். துப்பட்டா நுனி மட்டும் விரலில் இறுகிக்கொண்டே போனது.

ஈரோட்டில் இவள் அப்பாவுக்கு ஜவுளிக்கடை. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லையாம். "ஜவுளிக்கடைக்காரர் மவ பழந்துணி விக்கறாளான்னு அழுதே தீத்துருவாங்க."

எனக்கு ஹாலோவீன் பேரில் பெரிய மரியாதை இல்லை. ஒரு சாயங்காலத்துக்குப் பாலியஸ்டர், மறுநாள் குப்பை. அவளிடம் சொல்லவில்லை.

அக். 23, வியாழன்

சுதா ஒத்திகைக்கு என் அலமாரியைத் திறந்தாள். எடுத்துக் கட்டிலில் போட்டவை:

– க்ரீம் நிற ஸ்வெட்டர், கழுத்து உயர்ந்தது
– தரை தொடும் க்ரீம் பாவாடை (ஆபீஸ் விருந்துக்கு வாங்கியது, ஒரே முறை)
– மஞ்சளும் ஆரஞ்சுமான பட்டு ஸ்கார்ஃப் (யாரோ கொடுத்தது, விலைச்சீட்டோடு)
– பழுப்புச் சால்வை. பழுப்பு கார்டுராய் பேன்ட்.

இதில் என்ன வேஷம் வரும்? இதெல்லாம் நான் மீட்டிங்குக்குப் போட்டுக்கொண்டு போகிறவை.

"பொம்ம மாதிரி நில்லுங்க்கா. பேசாதீங்க."

நின்றேன். ஸ்வெட்டரும் பாவாடையும் சேர்ந்து கழுத்திலிருந்து தரை வரை ஒரே நிறம், ஒரே கோடு. முடியை இழுத்துக் கொண்டையாக்கி, ஸ்கார்ஃபை அதில் சுற்றி, நுனியை மேலே கூம்பாக நிறுத்தினாள். மெழுகுவத்தி! அவள் சொல்லும் முன்பே தெரிந்துவிட்டது.

அனு மாடியிலிருந்து இறங்கி வந்தாள். பதினைந்து வயது, என்னைப் பார்ப்பதே அபூர்வம். "அம்மா. ஓ மை காட். யூ லுக் எலிகன்ட். லைக், ஆக்சுவலி எலிகன்ட்."

அந்த ஆக்சுவலி.

உடனே கழற்றிவிட்டேன். உடனே இல்லை. கொஞ்ச நேரம் கண்ணாடி முன்னால்.

பிறகு அனுவை நிறுத்தி அடுத்தது. சால்வையைப் புடவை முந்தானைக்கு எடுப்பது போல நறுக்கு நறுக்கென்று மடிப்பெடுத்து, இரண்டு தோளிலும் பின் குத்தினாள். ஒவ்வொரு பின்னிலும் முதலில் ஒரு சின்ன மணியைக் கோக்கிறாள், துணி பின்னில் மாட்டிக் கிழியாமலிருக்க. பட்டுப்புடவைக்கு நானும் செய்வதுதான். கம்பளிக்குச் செய்யலாம் என்று தோன்றியதில்லை. அனு கையை விரித்தாள்; மடிப்புகள் விசிறியாக விரிந்தன. இறக்கை.

"விட்டில் பூச்சி. வெளக்கச் சுத்தி வருமில்லீங்க்கா, அது."

"இட்ஸ் எ மாத்!" என்று அனு வீடெல்லாம் சுற்றிப் பறந்தாள்.

ஒரு விளக்கு, ஒரு விட்டில். இரண்டு பொம்மைக்கு ஒரு கதை. எங்கிருந்து தோன்றுகிறது இவளுக்கு?

அக். 24, வெள்ளி

குளிர். ஸ்டியரிங் ஐஸ். ரிவ்யூ மீட்டிங்குக்கு முன் சுதாவைக் கடையில் விட்டேன். பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் முதல் பின் குத்திவிட வேண்டுமாம்.

கடையிலும் இதே மாதிரித் துணிகள் கிடைத்துவிட்டனவாம். காரில் கேட்டேன், பின்னணிக்குக் கருப்புத் துணியா என்று.

"கருப்பா? மொத வேல, வெள்ளிக்கெழம. கருப்பத் தொட மாட்டனுங்க்கா."

"ஹாலோவீன் சுதா இது. ஊரே கருப்பு."

"இருந்துட்டுப் போகுது."

ஈரோட்டுக் கடையில் தை மாதம் பொம்மைக்கு என்ன கட்டுவார்களோ அந்தச் சட்டத்தை நியூ ஜெர்சி ஹாலோவீனுக்கு. வேறு யாருக்கு இந்தத் தப்பு செய்ய வரும்? என் கணிப்பு: தோற்கும். புள்ளியியல் படித்தவள் சொல்கிறேன்.

அக். 25, சனி

டயட் ஆரம்பிக்கவில்லை.

மளிகை வாங்கிவிட்டு இவரோடு மெயின் ஸ்ட்ரீட் வழியாக. பார்மசி ஜன்னலில் எலும்புக்கூடு. பேக்கரியில் சூனியக்காரி, கருப்பு ஆரஞ்சு, கருப்பு ஆரஞ்சு. பிறகு இவள் ஜன்னல்.

அப்படியே நின்றுவிட்டேன். நடுவில் க்ரீம் நிறத்தில் நெட்டுக்குத்தாக அந்த மெழுகுவத்தி, தலையில் பட்டுச் சுடர். சற்றுப் பின்னால், ஒரு காலை முன்னெடுத்து, இறக்கை பாதி விரிந்த விட்டில். முகம் சுடரை நோக்கித் திரும்பியிருக்கிறது. தொட இன்னும் ஒரு முழம். பயமுறுத்தும் எதுவும் இல்லை. ஆனாலும் அந்த விட்டில் சுடரில் விழப்போகிறது என்று பார்க்கிறவருக்குத் தெரியும்.

எல்லாமே சாதாரணத் துணி. ஏதோ ஒரு ஆபீஸுக்குத் தினமும் போய்வந்த ஸ்வெட்டர்.

இவர்: "ரெண்டும் இப்பதான் பேச்ச நிறுத்தின மாதிரி இருக்கு." நான் முடி வெட்டிக்கொண்டதை மூன்று வாரம் கவனிக்காத மனிதர்.

நாங்கள் நின்ற நேரத்தில் கடைக்குள் ஒருவரும் போகவில்லை. அதையும் எழுதி வைக்கிறேன்.

அக். 26, ஞாயிறு

சுதா போன். கேரல் பார்த்துவிட்டார். "இட்ஸ் ப்யூட்டிஃபுல், ஹனி. பட் வேர் இஸ் த ஹாலோவீன்? ஐ நீட் சம் ப்ளாக்." செவ்வாய் காலைக்குள் கருப்பு வரவில்லை என்றால் பின்கட்டில் இருக்கும் சூனியக்காரித் தொப்பிகளைத் தானே எடுத்து மாட்டிவிடுவாராம். தொப்பி ஏறினால் ஜன்னல் சுதாவுடையது இல்லை. வேலையும்.

"ஒரு கருப்பு ஷால் போட்டா என்ன குறைஞ்சு போகும்? உனக்கு வேலை வேணுமா, சகுனம் வேணுமா?" என்றேன். கொஞ்சம் கடுமையாகத்தான்.

அந்தப் பக்கம் பின் டப்பாவை மூடும் சத்தம். அப்புறம்:

"ரெண்டும் வேணுமுங்க்கா."

வைத்துவிட்டாள். சாம்பாரில் உப்பு போட மறந்தேன்.

அக். 28, செவ்வாய்

வெயில், காற்று. சுதா பஸ்ஸில் போய்விட்டாள், என்னைக் கூப்பிடவில்லை. கோபம் போல.

மதியம் போனில் ஒரு போட்டோ. கீழே: "கருப்பு வெச்சுட்டேன்."

பார்த்தேன். அதே க்ரீம், அதே பழுப்பு. பெரிதாக்கினேன். இன்னும் பெரிதாக்கினேன். மெழுகுவத்தியின் இடது கன்னத்தில் வட்டமாக ஒரு மைப்பொட்டு. விட்டிலின் கன்னத்திலும் ஒன்று.

திருஷ்டிப் பொட்டு!

ஆபீஸ் க்யூபிக்கிளில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்தில் எல்லோரும் தலை தூக்கிப் பார்த்தார்கள். அடுத்த நிமிடம் பயம். கூப்பிட்டேன்.

"கேரல் என்ன சொன்னாங்க?"

"கிட்டப் போய்ப் பாத்தாங்க. அப்பறம் என்னையப் பாத்தாங்க. 'தட்ஸ் யுவர் ப்ளாக்?'ன்னாங்க. யெஸ்ஸுன்னேன்."

"அப்புறம்?"

"காபி போடப் போய்ட்டாங்க. தொப்பிய இன்னும் எடுக்கல."

அந்தப் பொட்டு இல்லாமல் அந்த முகங்களை இப்போது நினைக்க முடியவில்லை. வழவழவென்று கிடந்த பிளாஸ்டிக், யாரோ ஒருத்தி ஆகிவிட்டது. இவள் ரெஸ்யூமேயையா நான் திருத்திக்கொண்டிருந்தேன்?

அக். 30, வியாழன்

கொட்டும் மழை. ஆபீஸ் முடிந்து கடைக்கே போனேன். வாசலில் குடைகள் குவிந்து கிடந்தன. நல்ல அறிகுறி.

உள்ளே கூட்டம், நடுவில் கல்லூரிப் பெண்கள் இருவர். ஒருத்தி கன்னத்தைக் காட்டிக்கொண்டு, "கேன் யூ டூ த டாட்?" சுதா அவள் முகவாயை நிமிர்த்திப் பிடித்து, புருவப் பென்சிலால் ஒரு சுற்று.

"வாட் டஸ் இட் மீன்?"

"யூ லுக் டூ குட். ஸோ நோபடி கெட்ஸ் ஜெலஸ்."

"கேன் ஐ ஹேவ் டூ?"

கடையே சிரித்தது. இன்னொரு பெண் போட்டு வந்த சாம்பல் நிறத் தொளதொள ஸ்வெட்டரின் அடி விளிம்பில், கடையிலிருந்த கண்ணாடி மணிமாலைகளை சுதா வரிசையாகத் தொங்கவிட்டாள். நடந்தால் ஆடியது. மழை மேகம். அவ்வளவுதான், வேறொன்றும் இல்லை, அந்தப் பெண் அரசி போல நிமிர்ந்துவிட்டாள்.

நம் வீட்டு விசேஷங்களில் நாலு வார்த்தை இங்கிலீஷ் பேசத் தயங்கிச் சமையலறைக்குள் போய்விடுகிறவள் இவள்தானா? நான் வந்ததைக்கூடப் பார்க்கவில்லை. ஓரமாக நின்று பார்த்துவிட்டு, கூப்பிடாமலே திரும்பினேன்.

கல்லாவில் கேரல். சிரிக்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார்.

அக். 31, வெள்ளி

மழை விட்டுக் காற்று. சாக்லேட் மூன்று பை வாங்கியதில் ஒன்றை இவரே காலி செய்திருக்கிறார்.

ஐந்தரையிலிருந்து சாக்லேட் கேட்டு வேஷத்தில் பிள்ளைகள். டைனோசர், தீயணைப்பு வீரர், இன்னதென்று தெரியாத பச்சை ஒன்று. கிண்ணத்தோடு வாசலிலேயே நான். காது முழுக்கப் போன் மணிக்கு. அடிக்கவில்லை. ஆறரைக்கும் இல்லை. இல்லை என்று சொல்லியிருப்பார்கள், அழுதுகொண்டு வீட்டில் உட்கார்ந்திருப்பாள், போய்ப் பார்க்கலாம் என்று கார் சாவியை எடுத்தேன்.

தெருமுனையில், பிள்ளைக் கூட்டத்துக்கு நடுவே, சுதா. கிட்டத்தட்ட ஓட்டம்.

"எல்லாம் வித்துருச்சுங்க்கா! அந்த விட்டில அப்படியே எனக்குக் கட்டி உடுன்னு ஒரு அம்மா. கட்டி உட்டேன். றெக்கையோட கதவுல நொழைய முடியாம பக்கவாட்டுல போனாங்க!" மூச்சு வாங்கியது. "பொம்ம ரெண்டும் சும்மா நிக்குது."

"கேரல்?"

"வர்ற வியாழக்கெழம பத்து மணிக்கு வரச் சொல்லிட்டாங்க. வேலைக்குத்தாங்க்கா. கிறிஸ்துமஸ் ஜன்னலும் நாந்தான்." போனைக் கையில் எடுத்தாள். "இப்ப அம்மாகிட்டச் சொல்லலாமுங்களா?"

சொல்லு என்றேன்.  கட்டிப்பிடிக்கிற பழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. கையிலிருந்த சாக்லேட் கிண்ணத்தை அவளிடம் நீட்டினேன். ஒன்று எடுத்துக்கொண்டாள்.

கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையையும் விரித்தேன்.