கோட்டான் என்று சொன்னேன்

அக்டோபர் 12
வடக்கிலிருந்து பறவைகள் வந்துவிட்டன. விடியலில் தெம்பனிஸ் வீட்டிலிருந்து கிளம்பிச் சதுப்பு நிலத்துக்குப் போனேன். நீர் வற்றிய சேற்றில், எதையோ தொலைத்தவர்கள் மாதிரி குனிந்து குனிந்து நடந்தன. பார்த்துக்கொண்டே நின்றதில் தேக்காவில் தையல் கடை திறக்க நேரமாகிவிட்டது.

இவர் எல்லைக்கு அந்தப் பக்கம் ஜொகூரில், குத்தகைக்கு எடுத்த ஆற்றோரக் கோழிப்பண்ணையில். வாரக்கடைசியில்தான் வீடு, இந்த வாரம் அதுவும் இல்லை. அங்கேயும் இதே பறவைகள்தான் இறங்குகின்றன. இவருக்கு ஒன்றின் பெயரும் தெரியாது. கோழியைத் தவிர எல்லாம் கொக்குதான்.

நவம்பர் 3
பண்ணையில் கோழிகள் கொத்துக்கொத்தாக விழுகின்றன. பறவைக் காய்ச்சலாம்.

நவம்பர் 5
மிச்சமிருந்ததையும் அழித்துவிட்டார்கள். போனில் இவர் குரலே வேறு மாதிரி இருந்தது. "உன் பறவைங்கதான், நிசா, கொண்டாந்துச்சு. நீ போய் ரசிச்சிட்டு வா." வாங்கிய குஞ்சுகளோடும் வந்திருக்கலாம் என்று ஆபீசர் சொன்னாராம். அதை மட்டும் மெதுவாகச் சொன்னார். அழுகை வந்தது. கோபமும்தான். நானா அதுகளை வரவழைத்தேன்?

நவம்பர் 8
சோதனையில் இவருக்கு ஒன்றுமில்லை. அல்ஹம்துலில்லாஹ். ஆனால் வீட்டுக்கு வர மனமில்லையாம். காய்ச்சல் பயத்தில் அந்த ஆற்று மீனைக்கூட யாரும் வாங்குவதில்லை. பக்கத்து மீனவர் பாக் சாலே இவரிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. "அவங்க பொழப்பையும் கெடுத்துட்டு நான் மட்டும் எப்படி கிளம்பி வர்றது?" என்கிறார்.

நவம்பர் 11
ரவிக்கைக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தபோது இவரிடமிருந்து படம். சேற்றில் செத்துச் சுருண்டு கிடக்கும் பறவை, நீண்டு வளைந்த மூக்கு. "இது பேரு என்ன? ஆபீசருக்குச் சொல்லணும்."
கல்யாணமான நாளிலிருந்து இவர் என்னிடம் கேட்ட முதல் பறவைப் பெயர்.
"கோட்டான், மச்சான். தொட்டுறாதீங்க." நான் பிறந்த கடற்கரை ஊரில் இந்தச் சேற்றுப் பறவைக்கு உம்மா சொல்லும் பெயர் அதுதான்.

நவம்பர் 13
கனவு. ஆறு முழுக்க இறகுகள், தண்ணீரே தெரியவில்லை. இறகுகளின் மேல் நடந்து அக்கரைக்குப் போகிறேன். சோதனைச்சாவடி இல்லை, வரிசை இல்லை. இவர் முதுகைக் காட்டி நிற்கிறார். கூப்பிட்டால் என் வாயிலிருந்து பறவைச் சத்தம்தான் வருகிறது.

நவம்பர் 16
யா அல்லாஹ். இவருக்குக் கோட்டான் என்றால் ஆந்தை. "கோட்டான் மாதிரி முழிக்காதே" என்று திட்டு வாங்கியே சிராங்கூனில் வளர்ந்தவர். செத்துக் கிடந்தது 'புருங் ஹாந்து' என்று மலாயில் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். ஆந்தைக்கு அங்கே அதுதான் பெயர், பேய்ப் பறவை. சும்மாவே பயப்படுவார்கள், இப்போது காய்ச்சல் வேறு. செம்பனைத் தோட்டத்தில் எலி பிடிக்க வளர்க்கும் ஆந்தைகளுக்குக் கம்பத்தில் வைத்த கூட்டுப் பெட்டிகளை அடித்து நொறுக்குகிறார்கள். உள்ளே குஞ்சுகள் இருக்குமே.
"படத்தைப் பார்த்தாலே தெரியாதா, மச்சான்?"
"எனக்கு என்னலா தெரியும்? நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நினைச்சேன்."


நவம்பர் 18
படத்தைக் காட்டி, வீடு வீடாகப் போய்த் தப்பை ஒப்புக்கொண்டிருக்கிறார். பாக் சாலே முறைத்தாராம். பிறகு, "ஏழு வாசல் ஏறிச் சொல்ற ஆள் பொய் சொல்ல மாட்டான்" என்று, பெட்டிகளைச் சரிபார்க்கத் தன் ஏணியைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தாராம். பாதிப் பெட்டிகள் தப்பின. பாதி போய்விட்டன.

ஏப்ரல் 12
பண்ணையைத் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. கடையில் பட்டன் தைத்துத் தருகிறார், கோணலாக.

பறவைகள் வடக்கே திரும்புகிற நாட்கள். இவர் மனசு நோகும் என்று நான் சதுப்பு நிலம் பக்கமே போகாமல் இருந்தேன். இன்று இருட்டோடு எழுப்பினார்.
"கிளம்பலையா?"
"எங்கே?"
"விருந்தாளிங்க ஊருக்குப் போறாங்கள்ல. வழியனுப்ப வேணாமா?"
நான் முகம் கழுவி வருவதற்குள், செருப்பை மாட்டிக்கொண்டு லிஃப்டைப் பிடித்து வைத்திருந்தார்.