அப்பாவுக்கு ஊசி வேண்டாம் என்றோம்

ஆரணி
12.9.1983

அன்பு மகன் மாணிக்கவேலுக்கு அம்மா எழுதுவது. பிலாயில் நீயும் மருமகளும் பிள்ளைகளும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கப் படவேட்டம்மன் காக்க வேண்டும். நான் நன்றாக இருக்கிறேன், அப்பாவைப் பற்றி அப்படி எழுதக் கை வரவில்லை.

டாக்டரை எதிர்த்துப் பேசாதே, புது ஊசிக்குச் சம்மதம் சொல்லிவிடு என்று எழுதியிருந்தாய். தொண்டைப் புற்றுக்குக் கரண்ட் என்று சொல்கிற கதிர் வைப்பதோடு அந்த ஊசியும் போட்டவர்கள் அதிக காலம் உயிரோடு இருக்கிறார்கள், இருநூறு பேருக்குப் போட்டுப் பார்த்தாயிற்று என்று டாக்டர் குணசுந்தரியும் சொன்னார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில் போளூர் பன்னீர்செல்வம் அந்த ஊசிக்குப் பிறகு இட்லி தின்று வீட்டுக்கு நடந்து போனான், ஆனால் அவனுக்கு நாற்பது வயதுகூட இல்லை. எதிர்க் கட்டில் சந்தவாசல் வீரன் அப்பா வயதுக்காரர். அதே ஊசிதான், வாந்தி நிற்கவே இல்லை, துணி போர்த்தி எடுத்துப் போனார்கள். அவர் பெண்சாதி என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஊசிதாம்மா கொன்னுட்சி, நீ போடவுடாத" என்று அழுதாள்.

அதிலிருந்து எல்லார் மேலும் சந்தேகம். நர்சு சிரித்தால்கூட எதற்குச் சிரிக்கிறாள் என்று தோன்றியது. லீவு கிடைக்காததால்தான் நீ ஜல்தியாக முடிக்கப் பார்க்கிறாயோ என்றும் நினைத்தேன், கோபித்துக்கொள்ளாதே. கடைசியில் டாக்டரம்மாவிடமே, "அந்த எரநூறு பேர்ல இவரு மாதிரி வயசானவங்க எத்தினி பேருங்க? சின்ன வயசுக்காரங்க பொழைச்சத எல்லாருக்கும் சேத்து சொல்றீங்களா?" என்று கேட்டுவிட்டேன். அவர்கள் கோபப்படவில்லை. முதலிலேயே பிரித்துச் சொல்லியிருக்க வேண்டும் என்று சொல்லிக் கட்டில் ஓரம் உட்கார்ந்தார்கள். ஐம்பதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு நல்ல பலனாம். அறுபது தாண்டியவர்களுக்கு அவ்வளவு தெரியவில்லையாம், ஆனால் அந்த வயதில் போட்டுக்கொண்டவர்களே கொஞ்சம் பேர்தான், அதனால் பலன் இல்லை என்றும் அடித்துச் சொல்ல முடியாதாம். வீரன் நோய் முற்றிய பிறகு வந்தவர், அவர் ஒருத்தரை வைத்து முடிவு பண்ணாதீர்கள் என்றும் சொன்னார்கள்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அப்பா, "கரண்ட் மட்டும் போதும்மா. வாந்தி எடுத்துகினு கெடக்கறதுக்கு கஞ்சி குடிச்சிகினு இருக்கறேன்" என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

கரண்ட் வைத்து முடித்து வீட்டுக்கு வந்துவிட்டோம். கஞ்சி இறங்குகிறது, குரல்தான் காற்றாகப் போய்விட்டது. என் சந்தேகம் மட்டும் தீரவில்லை. ஒரு வேளை ஊசி ஏமாற்று என்று தோன்றுகிறது, இன்னொரு வேளை இவருக்குப் பலித்திருக்குமோ, நான்தான் கெடுத்தேனோ என்று நினைக்கிறேன். உன் அப்பாவே ஊசி போட்டுக்கொண்ட இன்னொரு துரைக்கண்ணாகவும் இருந்தால்தானே தெரியும்.

இவரைப் போல நிறையப் பேர் இரண்டு வருஷம் தாண்டுகிறார்கள் என்று டாக்டரம்மா சொன்னார்கள். அந்த நிறையப் பேரில் இவர் இருக்கிறாரா என்றேன், தெரியாது என்றார்கள். அதனால் பொங்கலுக்கு வரலாம் என்று இருக்காதே, இந்த மாதமே பிள்ளைகளோடு புறப்பட்டு வா. எல்லாரும் தீர்க்காயுசாக இருங்கள். வந்தால் அப்பாவிடம் ஊசியைப் பற்றி மட்டும் கேட்காதே.

உன் அம்மா
து. பச்சையம்மாள்