அவளுக்கென்ன குறை என்று சொன்னவன்

போடிநாயக்கனூர்,
மார்கழி 20

அன்பு மகள் முத்துப்பிரியாவுக்கு உன் சித்தப்பன் ஒச்சப்பன் எழுதிக்கொள்வது. ஆத்தா, இங்கே நானும் உன் சித்தி சந்திரவல்லியும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், மனசைப் பற்றிக் கீழே எழுதுகிறேன், டெல்லிக் குளிரில் நீ காதை மூடிக்கொண்டு வேளைக்குச் சாப்பிட்டு இருக்கிறாய் என்றே நம்புகிறோம். போன் இருக்கும்போது இந்த மனுஷன் ஏன் காகிதத்தில் எழுதுகிறான் என்று நினைப்பாய். போனில் நான் வாயைத் திறந்தாலே நீ "சித்தப்பா, கதை விடாதீங்க" என்று சிரித்துவிடுகிறாய். காகிதத்தைப் பார்த்து நீ சிரித்தாலும் எனக்குக் கேட்காது, எழுதி முடித்துவிடுவேன். உன் அப்பன், என் அண்ணன், கண்ணை மூடிய நாளிலிருந்து உன்னை வளர்த்தவன் என்ற உரிமையில் கேட்கிறேன், இதைக் கடைசி வரி வரைக்கும் படி.

முதலில் வீட்டுச் சேதி. ஐப்பசியில் தேவாரத்துப் பக்கம் நம் வாழைத் தோப்பில் விடியற்காலை யானை இறங்கியது. ஒன்றல்ல, ஏழு. உன் சித்தி இரண்டுதான் என்கிறாள், அவள் அப்போது அடுப்படியில் இருந்தாள், அவளுக்கு என்ன தெரியும். நான் ஒற்றைக் கம்போடு நடுவில் போய் நின்று "ஏன்டா, ஒங்களுக்கு மேல காடு இல்லையாடா" என்று ஒரு அதட்டல் போட்டேன், முன்னால் நின்ற கொம்பன் வெட்கப்பட்டுப்போய்த் தும்பிக்கையைச் சுருட்டிக்கொண்டு திரும்பிவிட்டது. நஷ்டம் எழுத வந்தவரிடம் அறுபது வாழை விழுந்தது என்றேன், விழுந்தது என்னவோ இருபது சொச்சம். அவர் தோப்புக்குள் கால் வைக்கவில்லை, வரப்பில் நின்றபடியே இளநீரைக் குடித்துவிட்டு அறுபது என்று எழுதிக்கொண்டு போனார், பணமும் வந்து சேர்ந்தது. உன் சித்திக்கு மூட்டுவலித் தைலம் போதவில்லை, நீ வரும்போது இரண்டு பாட்டில் கொண்டா.

அடுத்தது உன் கட்டுரை. தமிழில் பத்திரிகையில் வந்ததை நான் நகல் எடுத்து பிளாஸ்டிக் உறை போட்டு நம் கட்சிக் கிளையில் ஆளுக்கு ஒன்று கொடுத்தேன். சிலமலைக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, "இதை எழுதினது வேற யாருமில்ல, எங்கண்ணன் பெத்த மக, டெல்லியில அரசாங்கத்துக்கே கணக்குச் சொல்லிக் கொடுக்கிற ஆபீசுல இருக்கா" என்று ஆரம்பித்து, அரசாங்கப் பணம் ஊர்ப்பணம், உதவி தகுதியானவருக்கு மட்டுமே போய்ச் சேர வேண்டும் என்ற உன் வரியை மூன்று தடவை படித்தேன். ஐயாயிரம் பேர் கூட்டம். நாற்காலி எண்பதுதான், மற்றவர்கள் நின்றார்கள். கைதட்டல் போடிமெட்டு வரைக்கும் கேட்டதாகப் பேச்சு. எட்டாம் வகுப்பை என்னைப் போல் ஆழமாகப் படித்தவன் இந்தப் பக்கம் கிடையாது, இரண்டு வருஷம் படித்தவன் நான், ஆனாலும் அன்றைக்கு உன் வரி முழுசாகப் புரிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். இப்போது புரியவில்லை ஆத்தா. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

பின்வீட்டுச் சுருளியம்மாளை, சுருளியக்காவை, உனக்கு ஞாபகம் இருக்கும். மலையில் ஏலக்காய் எடுத்துவிட்டுச் சாயங்கால ஜீப்பில் இறங்கும்போது முந்தானையில் நாலு பச்சைக் காயை முடிந்துகொண்டு வந்து நீ படிக்கும் மேஜையில் வைத்துவிட்டுப் போவாளே, அவள்தான். புருஷன் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. மகன் பிரபு திருப்பூருக்குப் பனியன் கம்பெனியில் நூல் வெட்டப் போனவன், அங்கேயே குடும்பமாகி, தாயை மறந்தே போனான். மூன்று வருஷத்துக்கு முன்னால் சரிவில் காய்ச் சாக்கோடு விழுந்ததில் அவளுக்கு வலது முழங்கால் போய்விட்டது. கீழே டவுனில் காய் தரம் பிரிக்கிற சோலிக்குப் போகலாம் என்றால் கண் பிடிக்கவில்லை. வயது அறுபத்தேழு. முதியோர் உதவிப் பணம் ஒன்றுதான் அவளை நிறுத்திவைத்திருந்தது. அது வருவது எனக்கும் உன் சித்திக்கும் மட்டும்தான் தெரியும், தெருவில் யாருக்கும் தெரியாது, அவள் தெரியவிட்டதில்லை.

ஆவணியில் ஒரு பெண் தலையில் ஹெல்மெட்டும் கையில் பலகை மாதிரி போனுமாக வந்தது, தகுதி சரிபார்ப்பாம். தெருவில் பெரிய மனுஷன் யார் என்று விசாரித்து நேரே என்னிடம்தான் வந்தது. விசாரிக்கவில்லை, நானாகத்தான் கூப்பிட்டு நாற்காலி போட்டேன், இந்த ஒரு கடிதத்திலாவது சரியாக எழுதுகிறேன். டீ வாங்கிக் கொடுத்தேன். வீடு வீடாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். சுருளியக்கா அவள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அந்தப் பெண் அவளைக் காட்டி "இவங்க எப்படிங்க, வருமானம் எதும் இருக்கா" என்று கேட்டது. ஊர் பேர் தெரியாத ஒருத்தர் முன்னால் நம் தெருக்காரியை இல்லாதவள் என்று சொல்ல எனக்கு வாய் வருமா? நம் பக்கம் யாருக்கு வரும்? பெண் கேட்டு வந்தவர் விசாரித்தாலும் எழவு வீட்டுத் துட்டிக்கு வந்தவர் விசாரித்தாலும் பக்கத்து வீட்டை ஒரு படி தூக்கித்தான் சொல்வோம், அதுதானே மரியாதை. நான் சொன்னேன், "அவளுக்கென்ன குறை, மலைச் சம்பளம், கேரளத்துக் காசு, மகன் திருப்பூருல கம்பெனியே நடத்துறான், மாசம் பொறந்தா அனுப்பிருவான்." சுருளியக்கா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, சிரித்த முகமாக, "ஆமா, தம்பி சொல்றது சரிதான்" என்றாள். அந்தப் பெண் பலகையில் நாலு தட்டுத் தட்டியது. அந்தத் தட்டு அவள் உதவிப் பணத்தில் போய் விழும் என்று எனக்கு உறைக்கவில்லை, நான் அன்றைக்கு ஒரு நல்ல காரியம் செய்ததாக நினைத்துத் தெம்பாகச் சாப்பிட்டேன்.

ஐப்பசியோடு பணம் நின்றது. அவள் சொல்லவில்லை. கார்த்திகை கடைசியில் உன் சித்திதான் கண்டுபிடித்தாள். எப்படித் தெரியுமா? தினமும் மத்தியானம் பின்பக்கம் பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்குமாம். ஒருநாள் எட்டிப் பார்த்தால், சுருளியக்கா கரியும் இல்லாத பருக்கையும் ஒட்டாத சுத்தமான பாத்திரத்தைப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். சமைத்த வீடு என்று தெரு நினைக்க வேண்டுமாம். உன் சித்தி வந்து என்னிடம் சொல்லிவிட்டு அடுப்படிக்குத் திரும்பினாள். ஒரே ஒரு வார்த்தை மட்டும் சொன்னாள், "ஒங்க வாயி அவ வயித்துல போயி விழுந்துருச்சு."

நான் சும்மா இருப்பேனா? மறுநாளே ஆபீசுக்குப் போனேன். நான் போனதும் எல்லாரும் எழுந்து நின்றார்கள் என்று எழுதத்தான் கை வருகிறது, ஆனால் அரை நாள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே இருந்தவர் கம்ப்யூட்டரைப் பார்த்து, வெளிமாநிலத்தில் வேலை, மகன் தொழில் நடத்துகிறார், பயனாளி நேரில் ஒப்புக்கொண்டார் என்று படித்துக் காட்டினார். போடிமெட்டைத் தாண்டினால் வெளிமாநிலம், காலையில் ஏறிச் சாயங்காலம் இறங்குகிற மலையை அந்தப் பலகை துபாய் மாதிரி எழுதி வைத்திருக்கிறது. நான் சொன்னேன், "ஐயா, அம்புட்டும் பொய்யி, நாந்தான் சொன்னேன், எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்." என் ஆயுசில் நான் பொய் சொன்னேன் என்று ஒத்துக்கொண்டது அது ஒன்றுதான் ஆத்தா. அவர் கண்ணாடியைக் கழற்றி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பெரியவரே, போன தடவ சொன்னது பொய்யா, இப்பச் சொல்றது பொய்யா, நான் எதை நம்ப" என்றார். பக்கத்து மேஜைக்காரர், நம் ஊர் மொக்கச்சாமி, "சார், ஏழு யானைய அதட்டி அனுப்புனவரு இவருதான்" என்றார். சிரிப்பு அடங்க ரொம்ப நேரம் ஆனது. அவள் வேலை பார்க்கவில்லை என்று ஏலத்தோட்டத்தில் எழுதி வாங்கி வரச் சொன்னார்கள். மேலே போய்க் கேட்டால், எங்கள் பேரேட்டில் இல்லாத ஆளுக்கு இல்லை என்று எப்படி எழுதித் தர முடியும் என்கிறார்கள். வேலை இருக்கிறவனுக்குச் சீட்டு உண்டு, இல்லாதவளுக்கு இல்லை என்று சொல்லவும் சீட்டு இல்லை. என் வாழை அறுபது என்றதை வரப்பில் நின்றே நம்பினார்கள், இவள் பட்டினி என்றதை நம்ப ஆள் இல்லை.

பிறகு நம் கட்சி ராஜாராமிடம் போனேன். நல்ல மனுஷன், குறை சொல்ல மாட்டேன். "ஒச்சப்பண்ணே, ஒருத்திக்காக விதிய வளைச்சா நாளைக்கு ஊரே வந்து வளைக்கும். எரக்கம் நம்ம கையில இருக்கணும்ணே, கவர்மெண்டு கையில கொடுத்தா அது ஓட்டுக்கு விலையாப் போயிரும்" என்றார். முப்பது வருஷமாக நானும் இதையேதான் பேசுகிறேன். சொன்னபடி ஒரு மூட்டை அரிசியை அவரே ஸ்கூட்டரில் வைத்துக் கொண்டுவந்தார், அவர் கைக்காசு. வாசலில் இறக்கி, "ஆத்தா, இப்பிடி மூட்டையப் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க" என்று போனைத் தூக்கினார். சுருளியக்கா முந்தானையை முகத்தில் இழுத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மூட்டை பொழுது சாயும் வரை வெளியே கிடந்தது. ராஜாராம் முகம் செத்துப்போய்த் திரும்ப எடுத்துப் போனார், அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, அதுவும் எனக்குத் தெரியும். அவள் உன் சித்தியிடம் சொன்னாளாம், "அந்தப் பணம் வந்தப்ப யாரு மூஞ்சியயும் பாக்க வேணாம், யாருக்கும் கும்பிடு போட வேணாம். இத வாங்குனா போற வர்றவன் பூராப் பேருக்கும் நான் நன்றி சொல்லணும் சந்திரா. அதுக்கு மலையே தேவல."

ஆத்தா, நம் கட்சிக்கு இரக்கம் இல்லை என்று டீக்கடையில் எவனாவது சொன்னால் இன்றைக்கும் சண்டைக்குத்தான் போவேன். உழைத்துச் சாப்பிடு, குடும்பம் தாங்கும், அரசாங்கம் ஒதுங்கி நிற்கட்டும் என்கிறோம், இதில் எது தப்பு என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் முழங்கால் போனவளுக்கு உழைப்பு எங்கே, மகன் மறந்தவளுக்குக் குடும்பம் எங்கே, ஒதுங்குகிற அரசாங்கம் அவள் சோற்றையும் கையில் எடுத்துக்கொண்டல்லவா ஒதுங்கியது. எங்களுக்கு இரக்கம் என்றால் அடுத்தவர் இல்லாமையை மூடிப் பேசுவது. உங்கள் படிவத்தில் இல்லாமையை ஊர் கேட்கக் கூவினால்தான் இரக்கம். இரண்டுக்கும் நடுவில் ஒரு பொம்பளை நிற்கிறாள். நீ எழுதினாயே தகுதியானவர் என்று, தகுதி உள்ளவள் அதை வாயால் சொல்ல மாட்டாள், கேட்டால் சிரித்துக்கொண்டு தலையாட்டுவாள். அவளை எப்படிக் கண்டுபிடிப்பது என்று உன் கட்டுரையில் தேடித் தேடிப் பார்த்தேன், இல்லை. டியூசன் வாத்தியாரையும் பார்க்கச் சொன்னேன், அவரும் இல்லை என்கிறார்.

போன திங்கட்கிழமை காலையில் அவள் ஜீப்பு நிற்கும் இடத்துக்குப் போய்விட்டாள். உன் சித்தி என்னை வெரசாகப் போய்த் தடுக்கச் சொன்னாள். நான் போகும்போது தூக்குவாளியோடு நின்றுகொண்டிருந்தாள், முழங்காலில் துணியைச் சுற்றிச் சேலைக்குள் மறைத்திருந்தாள். டிரைவர் பெரியகருப்பன், "வயசானவுகள ஏத்தக் கூடாதுன்னு மேல சொல்லிட்டாக அக்கா, விழுந்தா யாரு பதில் சொல்றது" என்று தயங்கினான். பதினாலு பேர் ஏறி உட்கார்ந்து காத்திருக்கிறார்கள். அவள், "எனக்கு அம்பத்திரெண்டுதேன், வேணும்னா தம்பியக் கேளு" என்று என்னைப் பார்த்தாள். நான் தடுக்கப் போனவன் ஆத்தா. வீட்டில் வைத்துச் சோறு போடுகிறோம் என்று முந்தின நாளே உன் சித்தி காலில் விழாத குறையாகக் கேட்டும், அவள் மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். இப்போது உண்மையைச் சொன்னால் அந்த வேலையும் போகும். பெரியகருப்பன் என்னைப் பார்க்கிறான், ஜீப்பே என்னைப் பார்க்கிறது. "அம்பத்திரெண்டுதான்ப்பா, எங்க வீட்டுக் கல்யாணத்த வச்சு எனக்குக் கணக்குத் தெரியும்" என்றேன். உடனே நம்பிவிட்டான். இரண்டு பேர் கையைக் கொடுத்து இழுத்தார்கள், அவள் காலை மடக்க முடியாமல் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள், ஜீப்பு பதினேழு கொண்டை ஊசி வளைவுக்கும் கிளம்பிப் போய்விட்டது. நான் அங்கேயே நின்றேன். அன்றிலிருந்து டீக்கடைக்குப் போகவில்லை, போனாலும் சொல்ல ஒரு கதையும் வரவில்லை.

நீ அங்கே பெரியவர்களோடு உட்காருகிறவள். உன்னால் இது மாறும் என்று நான் நம்பவில்லை, உன்னைக் குறை சொல்லவும் எழுதவில்லை. இதற்கு உன் படிப்பில் பதில் இருந்தால் எழுது, இல்லை என்றால் இல்லை என்று எழுது, அதுவும் பதில்தான். நீ நல்லா இருக்க வேண்டும், நல்ல இடத்தில் வாழ்க்கைப்பட வேண்டும், உன் கை யார் முன்னாலும் நீளாமல் அந்த மலைமேல் இருக்கிற சாமிதான் காக்க வேண்டும். உன் சித்தி ஆசீர்வாதம் சொல்லச் சொன்னாள்.

ஒன்றை மட்டும் மறக்காதே. சுருளியக்காவுக்குப் போன் போட்டு எப்படி இருக்கீங்க என்று கேட்டுவிடாதே. நல்லா இருக்கேன் ஆத்தா என்றுதான் சொல்வாள். நம்பிவிடுவாய்.

இப்படிக்கு,
உன் சித்தப்பன்
ஒச்சப்பன்