நான் பிடுங்கிப் பார்த்த அமெரிக்கச் சீதா

இன்று தாமுவே சந்தையில், உன் செடிக்கடையில், உன் மகள் ஒரு தொட்டியை என் கையில் வைத்தாள். முதல் வேலையாக ஓர் இலையைக் கிள்ளிக் கசக்கி முகர்ந்தேன். பச்சைக் குடைமிளகாய் வாடை. நீ செத்துப் போய் ஒரு மழைக்காலம் ஆகிவிட்டது, என் சந்தேகப் புத்தி மட்டும் போகவில்லை.

உன்னிடம் வாங்கிய எதை நான் நம்பினேன்? எலுமிச்சைக் கன்றைக்கூட மண்ணைத் தோண்டிப் பார்த்துத்தான் வாங்குவேன். இங்கே பர்மாவில் ஔசா என்கிற சீதா, முள்ளுச்சீதா, மனோரஞ்சிதம், நெட்டிலிங்கம் எல்லாம் ஒரே குடும்பம் என்று நீ வரிசையாக வைத்தபோது, விற்காத செடியைத் தள்ளிவிடப் பார்க்கிறாய் என்றே நினைத்தேன். "இலையக் கசக்கி மோந்து பாரு. அப்புறம் பூவுல இதழை எண்ணு. வெளிய மூணு, உள்ள மூணு. ஔசாவுல உள்ள இருக்கிறது கண்ணுக்கே தெரியாது" என்பாய். கண்ணுக்குத் தெரியாததை எண்ணச் சொல்கிறவளை எப்படி நம்புவது?

பிறகுதான் கப்பலில் வேலை செய்த உன் தம்பி கொண்டுவந்த விதை முளைத்தது. அமெரிக்கச் சீதா, இலையைக் கசக்கினால் குடைமிளகாய் வாடை வரும் என்றாய். அங்கே அதில் பல வகையாம். ஒன்று நல்ல மரமாகும், மற்றவை பெரும்பாலும் புதர்தான், சுடுமணலில் முழங்கால் உயரத்தோடு நின்றுவிடுவதும் உண்டு என்றாய்.

"மரமும் புதரும் ஒரே சாதியா? யாருகிட்டடி கதை விடுற?"

"நீ குட்டை, உன் அண்ணன் நெட்டை. ரெண்டு பேரும் ஒரு தாய் வயித்துப் பிள்ளைங்கதானே?"

நான் சிரிக்கவில்லை. ஏதோ கிளையை ஒடித்துத் தொட்டியில் குத்தி வைத்திருக்கிறாய் என்று பட்டது. கடையை என்னைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு நீ கோயிலுக்குப் போன நேரத்தில், செடியைப் பிடுங்கிப் பார்த்தேன். ஒற்றை ஆணிவேர். பட்டென்று அறுந்தது. அவசரமாகத் திரும்பப் புதைத்தேன்.

எட்டு நாளில் செடி கருகியது. "பக்கத்துக் கடை ஊ டின் சுடுதண்ணி கிடுதண்ணி ஊத்தியிருப்பாரு" என்றேன், வாய் கூசாமல். நீ செடியை எடுத்து வேரைப் பார்த்தாய். ஊ டின்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "சரி, டீ குடி" என்றாய். ஏன் கேட்கவில்லை என்று வருஷக்கணக்கில் உன் முகத்தை வேவு பார்த்தேன்.

இன்று உன் மகள் பர்மியச் சொற்களுக்கு நடுவே தமிழைத் தேடிப் பிடித்துச் சொன்னாள்: "மாமா திரும்பக் கொண்டாந்த விதை, ஆன்ட்டி. உங்களுக்குத்தான் குடுக்கணும்னு அம்மா சொன்னாங்க. இந்தத் தடவை புடுங்கிப் பாக்க வேணாமாம்."

அம்மா இதை எப்போது சொன்னாள் என்று கேட்டேன். "எப்பவுமே சொல்வாங்களே" என்று சிரித்தாள்.

ஆக, உனக்குத் தெரியும். தெரிந்தேதான் அத்தனை வருஷமும் கடையை என் பொறுப்பில் விட்டுவிட்டுக் கோயிலுக்குப் போயிருக்கிறாய். மன்னித்துவிடடி என்று நான் ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கலாம். அந்தச் சொல்லைத்தான் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறேன்.